குரலுக்குரியவர் நேரில் வர வேண்டும்

மலேசியாவின் அசாம் ஜாவா ஊர்ச் சிவப்பு விளக்கில் பஸ்ஸை நிறுத்தியிருந்தபோது சின்னையா தம் மனைவியின் குரலைக் கேட்டார். காலை ஆறு மணி இருக்கும். புஷ்பவள்ளி இறந்து ஐந்து வருடமாகியிருந்தது.

"எங்க இருக்க?" என்றாள் புஷ்பவள்ளி.

"இங்கதான்" என்று சின்னையா வாய்விட்டுச் சொன்னார்.

பக்கத்தில் நின்ற சின்னக் காரின் கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே இரண்டு இளைஞர்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கார் அதிர அதிர ஏதோ தாளம் இடித்தது. பிறகு எல்லாம் ஒரு நொடி நின்றது.

"மயிரு, வா மொதல்ல!" என்றாள் புஷ்பவள்ளி.

தாளம் மறுபடியும் இடித்தது. விளக்கு பச்சையானதும் கார் போய்விட்டது. சின்னையா போகவில்லை. அவர் கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸின் ஓட்டுநர். பின்னால் நாற்பது தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து வந்து தோளைத் தட்டிய பிறகுதான் அவருக்கு கியர் நினைவுக்கு வந்தது. அன்று தொழிற்சாலைக்குப் பதினேழு நிமிடம் தாமதம்.

கிள்ளானில் இருக்கும் மகள் ரூபிணிக்குப் போன் செய்தார். காரில் கேட்டதைச் சொன்னார்.

"அம்மா வாய்ஸ்தான்ப்பா. யுவாவோட ஆல்பம் லா. ஊரே கேக்குது. நான் ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

யுவா என்கிற யுவனேஸ்வரன் பிரேமலாவின் மகன். எஸ்டேட்டில் சின்னையா வீட்டுக்கு அடுத்த வீடு. ஒன்பது வருடத்துக்கு முன் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்து வீடமைப்புப் பகுதி கட்டியபோது அவனுக்குப் பதினைந்து வயது. இப்போது அவன் அந்த இடிப்பைப் பற்றி 'பதினாலாம் லயம்' என்று ஒரு ஹிப்-ஹாப் ஆல்பம் வெளியிட்டிருந்தான். மொத்தம் ஒன்பது பாட்டு. முதல் மாதத்திலேயே பன்னிரண்டு மில்லியன் முறை கேட்டிருந்தார்கள். பதினோரு வாரமாக அதுதான் முதலிடம். ஆறாவது பாட்டான 'வா மொதல்ல'வில்தான் புஷ்பவள்ளி இருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் எல்லா இடத்திலும் இருந்தாள். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் நண்டு வாங்க நின்றால், கைபேசி உறை விற்கும் கடையிலிருந்து எங்க இருக்க என்று கேட்டாள். ஜெராமில் மீன் வாங்கினால் மீன்காரரின் போனே அவள் குரலில்தான் அழைத்தது. சுங்கை புரோங்கில் நெல் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டிய மலாய்ப் பையன் அர்த்தம் தெரியாமலே அவளோடு சேர்ந்து அந்த வார்த்தையைப் பாடிக்கொண்டு வரப்போரம் போனான். மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியை யாரோ சோதித்துப் பார்த்தார்கள். அதிலும் அவள்தான். சட்டையிலும் வந்துவிட்டாள். இளைஞர்கள் 'வா மொதல்ல' என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு திரிந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் சின்னையாவுக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. எங்கே ஓடுவது என்பதுதான் தெரியவில்லை.

அப்போதுதான் பத்திரிகையில் அந்தக் கண்டனத்தைப் பார்த்தார். 'ஆபாச ஆல்பத்துக்குத் தடை வேண்டும்: பைந்தமிழ்ப் பண்பாட்டுக் காப்புப் பேரவை ஆவேசம்' என்று போட்டிருந்தார்கள். இவர்களிடம் சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று சின்னையா நினைத்தார்.

பேரவையின் அலுவலகம் கோல சிலாங்கூரில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. செயலாளர் பாலகிருஷ்ணன் ஓய்வுபெற்ற துணைத் தலைமையாசிரியர். சட்டைப்பையில் நான்கு பேனா வைத்திருந்தார்.

"அந்தப் பாட்டுல பேசுறது என் சம்சாரம்ங்க. நிப்பாட்டச் சொல்லணும்" என்றார் சின்னையா.

பாலகிருஷ்ணன் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு மாதமாகப் பேரவை கண்டித்துக்கொண்டிருந்தது. பாதிக்கப்பட்டவர் என்று ஒருவர்கூட இதுவரை படியேறி வந்ததில்லை. நான்கு பக்கப் புகார்ப் பாரம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுல குரலுக்குரியவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"அவ செத்துப்போயிட்டாங்க."

"அப்படியா? அப்ப இறப்புச் சான்றிதழக் கொண்டுவரச் சொல்லுங்க."

"யார?"

பாலகிருஷ்ணன் பாரத்தைப் புரட்டிப் பார்த்தார். "குரலுக்குரியவர" என்றார். பாரத்தில் அப்படித்தான் இருந்தது.

கடைசியில், குரலுக்குரியவர் வராதது தற்காலிகம் என்று ஒரு குறிப்பு எழுதி, சின்னையாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

விசாரணைக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். வாழ்த்துப் பாடினார்கள். வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை என்று ஒன்றேகால் மணி நேரம் போயிற்று. சின்னையாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்த பிறகு பாலகிருஷ்ணன் அதை நாசூக்காக உருவிக்கொண்டார். அடுத்தவருக்குப் போர்த்த வேண்டியிருந்தது.

சுல்தானிடம் 'டத்தோ' பட்டம் வாங்கிய தலைவர் டத்தோ உமாபதி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நான் இந்த ஆல்பத்தைக் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன். ஒன்றைக் கேட்டுவிட்டுக் கண்டிப்பது யாராலும் முடியும். கேட்காமலே கண்டிக்கும் துணிவு இந்த நாட்டில் நம் பேரவைக்கு மட்டுமே உண்டு!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஆல்பத்தைக் கேட்கும் கொடுமையை ஐந்து பேர் கொண்ட ஆய்வுக்குழு ஏற்றிருந்தது. அவர்கள் ஆறாவது பாட்டை மட்டும் நூற்றுப் பன்னிரண்டு முறை கேட்டிருந்தார்கள். அப்போது உறுப்பினர்களின் கால்கள் ஆடியது ஆய்வின் பொருட்டே என்று அறிக்கையின் அடிக்குறிப்பு சொன்னது. அந்த வார்த்தையை எழுதுவதில்லை என்று குழு உறுதி எடுத்திருந்தது. ஆகவே, 'தலையில் முளைத்துச் சீப்பால் வாரப்படும் பொருள்' என்று முதல் பக்கத்தில் விளக்கி, பிறகு 'அப்பொருள்' என்றே குறித்திருந்தார்கள். அப்பொருள் பாட்டில் பதினாறு முறை வந்தது.

ஓர் உறுப்பினர் எழுந்து, சங்க காலத்தில் அப்பொருள் மிக உயர்ந்த சொல் என்றார். இன்னொருவர் அது சங்க காலம், இது வேறு காலம் என்றார். அரை மணி நேரம் வாதம் நடந்தது. டத்தோ சின்னையாவின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்களே சொல்லுங்கள். அம்மையார் அச்சொல்லை எந்தக் காலத்தில் சொன்னார்?"

"காலையில எட்டே முக்காலுக்குங்க" என்றார் சின்னையா.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள் என்று உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்கவில்லை. பாலகிருஷ்ணன் அதைக் குறிப்பேட்டில் எழுதினார். பிறகு தேநீர் வந்தது.

குரலுக்குரியவர் பதினான்கு நாளுக்குள் தமிழ்ச் சமுதாயத்திடம் பொது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. பேரவை அதைப் பதிவு அஞ்சலில் புஷ்பவள்ளிக்கு அனுப்பியது. சின்னையா காட்டிய அவளுடைய பழைய அடையாள அட்டை நகலில் இருந்த முகவரிக்கே அனுப்பினார்கள். அது லயத்து முகவரி. வீடு இல்லை, தெரு இல்லை, ஆள் இல்லை என்று மூன்று முத்திரையோடு கடிதம் திரும்பி வந்தது. அடுத்த கூட்டத்தின் குறிப்பில் 'அம்மையார் ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று பதிவாயிற்று.

அந்த உறையைப் பாலகிருஷ்ணன் சின்னையாவிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அவர் அதைப் பிரிக்காமல் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புஷ்பவள்ளி என்று தட்டச்சில் அழகாக அடித்திருந்தார்கள். அவள் பெயருக்கு இவ்வளவு மரியாதையாக ஒரு கடிதம் முன்பு வந்ததே இல்லை. லயத்தைக் காலி பண்ணச் சொன்ன நோட்டீஸ்கூட வேலையை மேற்பார்வை பார்த்த மண்டோர் பெயருக்குத்தான் வந்தது.

இதற்கிடையே ஆல்பம் வெளிநாட்டில் ஒரு விருது வாங்கிவிட்டது. யுவா மேடையில் நிற்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அமைச்சர்கள் வாழ்த்தினார்கள். ஒரு வங்கி தன் விளம்பரத்துக்கு அந்தப் பாட்டைக் கேட்டது. மறுநாள் காலை பாலகிருஷ்ணன் சின்னையாவைத் தேடிக்கொண்டு அசாம் ஜாவாவில் அவர் வீட்டுக்கே வந்தார்.

"பேரவை இந்தப் படைப்ப மொதல்ல இருந்தே கவனிச்சிக்கிட்டுத்தான் இருந்துச்சி, உங்களுக்கே தெரியும்" என்றார். "இப்ப பாராட்டு விழா எடுக்கிறோம். அம்மாவுக்கு 'லயக் குயில்'னு பட்டம். ஒரே ஒரு சிக்கல் லா. அந்த வார்த்த."

"பட்டம் வேணாங்க. நிப்பாட்டச் சொல்லித்தானே நான் வந்தேன்."

"அதுக்கும் வழி இருக்கு. நீங்க வாங்க."

இரண்டாவது விசாரணை. குத்துவிளக்கு, வாழ்த்து, அதே பொன்னாடை. டத்தோ சிக்கலை விளக்கினார். அச்சொல் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதே கேள்வி. இடிக்க வந்தவர்களை நோக்கி என்றால் பட்டம் தர இயலாது. லயங்களை இடித்த வீடமைப்பு நிறுவனம்தான் பேரவையின் புரவலர். கூடத்தில் போட்டிருக்கும் நாற்காலிகள்கூட அவர்கள் கொடுத்தவை. மாறாக, கணவரை நோக்கி என்றால் அது குடும்ப அன்பு. குடும்ப அன்புக்குச் சான்றிதழ் வழங்கப் பேரவைக்கு அதிகாரம் உண்டு.

"தயங்காமல் சொல்லுங்கள். யாரை நோக்கி?"

சின்னையா எழுந்தார். ஒலிவாங்கியைத் தூரமாகப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்தாங்க."

"நன்று! எந்தச் சூழலில்?"

"வீடு இடிக்கிற அன்னைக்கு. லீவு போட்டுட்டு வீட்ல இருய்யான்னு சொன்னா. நான் வேலைக்குப் போயிட்டேன். வேலன்னுகூட இல்லைங்க. ஆளுங்கள எறக்கிட்டா மூணு மணி வரைக்கும் எனக்கு ஒண்ணும் கெடையாது. பஸ்ஸுக்கு அடியில பாயப் போட்டுப் படுத்துக்கிட்டேன். போலீஸ் லோரியெல்லாம் நிக்கிதுன்னு கேள்விப்பட்டேன். பயம். பதினோரு தடவ போன் பண்ணா. எடுக்கல. அப்புறம் போனையே ஆஃப் பண்ணிட்டேன். அவ போன்ல பேட்டரி போயி, பிரேமலா போன வாங்கி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கா. எட்டே முக்காலுக்கு. நான் சாயங்காலந்தான் தொறந்தேன். வா மொதல்லன்னு சொல்றாளே, அது வரைக்கும் கேட்டேன். அதுக்கு மேல முடியல. அழிச்சிட்டேன்."

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"அஞ்சு மணிக்குப் போனேன். வீடு இல்ல. ரோட்டோரமா சாமான் மேல உக்காந்திருந்தா. சாப்ட்டியான்னு கேட்டா. அதுக்கப்புறம் நாலு வருசம் உயிரோட இருந்தா. ஒரு வார்த்த அதப் பத்திப் பேசலைங்க. பேசியிருக்கலாம்."

அவர் உட்கார்ந்தார். டத்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஆக, கணவரைத்தான்" என்றார்.

"கணவரைத்தான்" என்று பாலகிருஷ்ணன் எழுதிக்கொண்டார்.

எல்லாரும் கைதட்டினார்கள். ஆய்வுக்குழுத் தலைவர் வந்து சின்னையாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, பெரிய சிக்கல் தீர்ந்தது என்றார்.

விழா மண்டபத்தில் அறுநூறு பேர். மேடையில் ஒரு பெரிய ஓவியம் வைத்திருந்தார்கள். சிவந்த நிறம், நீண்ட கழுத்து, கையில் வீணை. யாரோ சாமி என்று நினைத்துச் சின்னையா கும்பிட்டார். "குரல வச்சே வரைஞ்சது" என்று பாலகிருஷ்ணன் காதில் சொன்னார். அடியில் 'லயக் குயில் புஷ்பவள்ளி அம்மையார்' என்று எழுதியிருந்தது. புஷ்பவள்ளி முப்பது வருடம் எஸ்டேட்டில் மருந்தடிக்கும் டாங்கியை முதுகில் சுமந்தவள். அவள் கழுத்து எப்படி இருந்தது என்று சின்னையா நினைத்துப் பார்த்தார். எப்போதும் துண்டு கட்டியிருந்ததால் சரியாக ஞாபகம் வரவில்லை.

ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு அதற்கு மாலை போட்டார்கள். அவரை அதன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

டத்தோ பேசினார். "இந்த ஆல்பத்தை முதன்முதலில் கண்டித்தது நாங்கள். கண்டிக்காதிருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? எனவே இதன் வெற்றியில் பாதி பேரவைக்கு உரியது. மீதிப் பாதியைத் தம்பி யுவனேஸ்வரனோடு பெருந்தன்மையுடன் பகிர்ந்துகொள்கிறோம்! இன்னொன்றும் சொல்வேன். லயங்கள் இடிக்கப்படாவிட்டால் இப்படியொரு பாட்டு பிறந்திருக்குமா? இழப்பு இல்லாமல் கலை இல்லை. அந்த இழப்பை நமக்கு வழங்கிய புரவலருக்கு இந்த நேரத்தில் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்."

புரவலரின் பிரதிநிதி எழுந்து கைகூப்பினார். அவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள்.

பிறகு பாட்டின் 'செம்பதிப்பு' வெளியிடப்பட்டது. பேரவையின் பரிந்துரைப்படி நாடக நடிகை ஒருவர் புஷ்பவள்ளியின் வரிகளைத் திருத்தமாகப் பேசியிருந்தார். விளக்குகளை அணைத்தார்கள். தாளம் இடித்து நின்றது.

"அன்பரே, எங்கே இருக்கின்றீர்?" என்றது ஒரு தேன் குரல். "விரைந்து வருக!"

அறுநூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். சின்னையா பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். மாலை மட்டும் இருந்தது. அந்தக் குரலுக்கு அவருக்கு எங்கேயும் ஓட வேண்டும்போல் இல்லை.

யுவா மேடைக்குப் பின்னால் அவரைப் பிடித்தான். கருப்புக் கண்ணாடியைக் கழற்றியபோது பிரேமலா மகன் மாதிரிதான் இருந்தான்.

"மாமா, கோவமா? மியூசிக் லேபிள்காரன்தான் கேட்டான். ரேடியோ, ஏர்லைன்ஸ் எல்லாம் கிளீன் வெர்ஷன்தான் வேணும்கிறான். பழசு வெள்ளிக்கிழமையோட எல்லா ஆப்புலயும் எடுத்துருவாங்க. நீங்களும் நிப்பாட்டணும்னுதானே கேட்டீங்க?"

"ஆமாய்யா. நாந்தான் கேட்டேன்."

வெள்ளிக்கிழமை அது நின்றது. சனிக்கிழமை பாசார் மாலாமில் நடிகை அவரை அன்பரே என்று அழைத்தாள். ஜெராமில் மீன்காரர் போன் அன்பரே என்றது. நெல் அறுக்கும் பையன் புதிய வரியை வாயில் நுழைக்க முடியாமல் விட்டுவிட்டான். சின்னையா நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தார். முதல் வாரம் நினைத்தார். இரண்டாவது வாரம் சிவப்பு விளக்கில் பக்கத்துக் கார்களைப் பார்த்துத் தாமே கண்ணாடியை இறக்க ஆரம்பித்தார். ஒரு நாள் கைபேசி உறை விற்பவனிடம் பழைய பாட்டு இருக்கிறதா என்று கேட்டார். "இல்ல அங்கிள், அப்டேட் ஆயிருச்சி" என்றான் அவன்.

மூன்றாவது வாரம் யுவாவுக்குப் போன் செய்தார்.

"பழசு உன்கிட்ட இருக்காய்யா?"

"எது மாமா?"

"அந்த வார்த்தையோட இருக்குமே, அது."

யுவா சிரிக்கவில்லை. "முழு மெசேஜே இருக்கு மாமா. எங்கம்மா போன்ல இருந்து எடுத்தது. நாப்பத்தோரு செகண்ட். பாட்டுல ஆறு செகண்ட்தான் போட்டேன். மீதிய நீங்க கேட்டதே இல்லன்னு பேரவையில சொன்னீங்களாமே? அனுப்பவா?"

கேட்ட கையோடு அவன் அனுப்பிவிட்டான்.

அவர் அப்போது சுங்கை புரோங்கில், வாய்க்கால் ஓரமாக, மதிய ஷிப்டுக்கு ஆள் ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். பஸ் காலி. ஓரங்கட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஏய்யா, எங்க இருக்க? இடிக்கிற மிசின் வந்துருச்சி. எத்தன தடவ கூப்புடுறது உன்ன? மயிரு, வா மொதல்ல!"

மூச்சு வாங்கும் சத்தம். எங்கோ ஏதோ சரிந்தது. நாய் குரைத்தது. அவள் பதிவை நிறுத்த மறந்துவிட்டாள் என்று தெரிந்தது. கொஞ்சம் தள்ளி பிரேமலாவின் குரல்: "வருவாராக்கா?"

"வருவாரு லா" என்றாள் புஷ்பவள்ளி. கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. "தோ, பஸ்ஸ எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டுத்தான் இருப்பாரு. நாப்பது பேரு போலாம் அதுல. புள்ளைங்கள மொதல்ல ஏத்திருவோம். நீ அழாத, சாமானக் கட்டு."

அவ்வளவுதான்.

வெயில் கண்ணாடியில் அடித்தது. சின்னையா இன்னொரு முறை கேட்டார். பிறகு இன்ஜினைக் கிளப்பி, ஷிப்டு ஆட்கள் நிற்கும் பக்கம் போகாமல் பஸ்ஸைத் திருப்பினார்.

எஸ்டேட் இருந்த இடத்தில் இப்போது வளைவும் நீரூற்றும் தடுப்புக் கம்பியும் இருந்தன. நேப்பாளக் காவலாளி கூண்டிலிருந்து வெளியே வந்து, எந்த வீடு என்று மலாயில் கேட்டான். சின்னையா வீட்டு எண் தெரியாது என்றார். காவலாளி வருகையாளர் புத்தகத்தை நீட்டினான். பெயர், வண்டி எண், வந்த நேரம், வந்த காரணம்.

சின்னையா எல்லாவற்றையும் நிதானமாக எழுதினார். கடைசிக் கட்டத்தில் 'ஆள் ஏற்ற' என்று எழுதினார்.

"எத்தனை பேர்?" என்றான் காவலாளி.

"நாப்பது."

காவலாளி புத்தகத்தைப் பார்த்தான். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. கம்பியைத் தூக்கிவிட்டான். சின்னையா உள்ளே போய், பழைய லயம் எந்தப் பக்கம் என்று கணக்குப் பார்த்து, ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தி, இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.